பையனைக் கம்பெனியில் உட்கார வைப்பதா, வெளியே அனுப்புவதா?

திருப்பூரில் பனியன் (பின்னலாடை), விசைத்தறி என்று சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஜிஎஸ்டி, வருமான வரி, பேங்க் லோனுக்கான காகிதங்கள் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. காலேஜ் ரிசல்ட் வருகிற மாதங்களில் கணக்கு நோட்டோடு ஒரு கேள்வியையும் கொண்டு வருவார்கள். "ஏனுங்கண்ணா, பையன் படிச்சு முடிச்சுட்டான். நம்ம கம்பெனியிலயே உட்கார வெச்சரலாமுங்களா, இல்லாட்டி வெளிய அனுப்பலாமுங்களா?"

இந்த முறை ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் வேறு வேறு பதில்தான் சொன்னேன். அதில் ஒருவர், "அவருக்கு அப்படிச் சொன்னீங்க, எனக்கு ஏன் மாத்திச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் அப்பா கதை. கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங்கில் இருந்தார். 1970-களில் கோவையில் மில் வேலை என்றால் இன்றைய அரசு வேலைக்குச் சமம். பிஎப், போனஸ், கேண்டீன், சங்கம், தீபாவளிக்கு முன்னால் கை நிறையப் பணம். மில்லில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க ஜாதகத்தோடு வந்து நிற்பார்கள் என்று அம்மா சொல்லும். 1888-ல் முதல் மில் வந்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் அடுத்தடுத்து மில்களாக எழும்பிய ஊர் அது. அந்த வேலை ஆடிப்போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்? 90-களின் நடுவில் மில் மூடியது. அப்பாவுக்கு அப்போது 47 வயது. அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் வாட்ச்மேன் வேலைதான்.

அதே மில்லில் அவரோடு ஒரே சைக்கிளில் போய்வந்த ஒரு மாமா மெயின்டனன்ஸில் பிட்டர். அதே வயது, கிட்டத்தட்ட அதே சம்பளம். மில் மூடி ஒரு மாதத்துக்குள் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார். அறுபத்தைந்து வயது வரை வேலை பார்த்தார். அப்பா தப்பாகத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர் சேர்ந்தபோது அதுதான் இருப்பதிலேயே நல்ல வேலை. ஆனால் இரண்டு பேருக்கும் கெட்ட காலம் ஒரே நாளில் வந்து, வேறு வேறு மாதிரி விழுந்தது. நான் பார்க்கச் சொல்வது அந்த வித்தியாசத்தைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு வரும்?" என்றுதான். நல்ல வருடத்தில் வருவதை வைத்து எந்தத் தொழிலையும் எடை போட முடியாது. நான் நாலு விஷயம் பார்க்கிறேன்.

ஒன்று, காலம் திரும்பினால் அடி எந்த வடிவத்தில் வரும்? சம்பளம் ஏறாமல் நிற்குமா, வேலையே போகுமா, இல்லை தொழில் போன பிறகும் கடன் நிற்குமா? இந்த மூன்றும் ஒன்றல்ல. வேலை போனவன் பூஜ்யத்துக்கு வருகிறான். கடன் நின்றவன் பூஜ்யத்துக்குக் கீழே போகிறான்.

இரண்டு, எந்த வயதில் அடி விழும்? கனடாவில் பல வருடக் கணக்குகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. மந்த காலத்தில் படிப்பை முடித்து வேலைக்குப் போனவர்களுக்குத் தொடக்கத்தில் ஒன்பது சதவீதம் அளவுக்குச் சம்பளம் குறைகிறது. ஐந்து வருடத்தில் அது பாதியாகி, பத்து வருடத்தில் மறைந்துபோகிறது. அப்படித் தேறி வந்தவர்களில் நிறையப் பேர், சேர்ந்த இடத்திலேயே இருக்காமல் அடுத்தடுத்து நல்ல கம்பெனிக்கு மாறியவர்கள். இருபத்திரண்டில் விழுந்தால் எழப் பத்து வருடம் கையில் இருக்கிறது. நாற்பத்தேழில் இல்லை.

மூன்று, கற்றது கம்பெனியோடு போய்விடுமா, கையோடு வருமா?

நாலாவதுதான் என் கணக்கில் முக்கியம். யாரும் கேட்காததும் அதுதான். வீட்டில் மற்றவர்களின் வருமானம் ஏற்கனவே எதை நம்பி நிற்கிறது?

## ஒரே காற்று எல்லாரையும் அடிப்பதில்லை

நான் கணக்கு எழுதிய வருடங்களையும் அதற்குச் சற்று முந்தியதையும் சேர்த்துப் பாருங்கள்.

| காலம் | நடந்தது | யார் மேல் விழுந்தது | யாரைத் தொடவில்லை |
|---|---|---|---|
| 2001–03 | மாநில அரசில் நியமனத் தடை. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தம். வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் | அரசு ஊழியர், அரசு வேலைக்குக் காத்திருந்தவர் | தனியார் தொழில்கள் |
| 2008–09 | அமெரிக்க மந்தம் | ஏற்றுமதி, ஐடி, வாகன உதிரிபாகப் பட்டறை | அரசு ஊழியர் (2009-ல் ஊதிய உயர்வு) |
| 2008–13 | மின்வெட்டு | பட்டறை, விசைத்தறி | ஐடி, அரசு |
| 2011 ஜனவரி | சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்ற உத்தரவு | பனியன் தொழில் முழுக்க | இன்ஜினியரிங், ஐடி |
| 2016–17 | நோட்டு மாற்றம், ஜிஎஸ்டி | ரொக்கத்தில் ஓடிய சின்ன யூனிட்டுகள் | மாதச் சம்பளக்காரர்கள் |
| 2020–22 | ஊரடங்கு, பிறகு நூல் விலை ஏற்றம் | யூனிட்டுகள், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டு வாடகை | ஐடி (ஆள் எடுப்பு ஏறியது) |
| 2025 ஆகஸ்ட் | அமெரிக்கா 50 சதவீத வரி | அமெரிக்க ஆர்டரை நம்பியவர்கள் | உள்நாட்டு ஆர்டர். ஐடி சேவைக்கு அந்த வரி இல்லை |

அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளையும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். எந்தத் தொழிலும் எல்லாத் தடவையும் தப்பவில்லை, எல்லாத் தடவையும் மாட்டவும் இல்லை. 2009-ல் ஏற்றுமதிக்காரர் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு வாத்தியார் வீட்டில் அரியர்ஸ் பணம் வந்தது. 2003-ல் அந்த வாத்தியாரே தெருவில் நின்றார்.

## முதல் வழி: சொந்த யூனிட்

ஜாப் ஒர்க் யூனிட் என்றால் பன்னிரண்டு பதினைந்து தையல் மிஷின்: ஓவர்லாக், பேட்லாக், சிங்கர். துணியை வெட்டிக் கட்டிக் கொடுப்பார்கள், தைத்து அனுப்ப வேண்டும், பீசுக்கு இவ்வளவு என்று கூலி. நல்ல காலத்தில் இதற்கு இணை எதுவும் இல்லை. 2005 ஜனவரியில் ஜவுளிக் கோட்டா நீங்கிய பிறகு வந்த வருடங்களில், டைலராக இருந்தவர் ஐந்தே வருடத்தில் இடம் வாங்கி ஷெட் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த மாதச் சம்பளமும் ஒரு குடும்பத்தை அவ்வளவு வேகமாகத் தூக்கிவிடாது. திருப்பூர் இப்படி எழுந்த ஊர்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் அடி வருகிற வடிவம் மோசம். கூலி வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் பணம் இருந்தே ஆக வேண்டும். வேலை கொடுத்தவரிடமிருந்து பில் பணம் வருவதோ அறுபது நாள், தொண்ணூறு நாள். நடுவில் இருக்கிற பள்ளத்தைக் கடன்தான் நிரப்புகிறது. பதிவு செய்த குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டமே சொல்கிறது. 2023–24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, அப்படித் தராவிட்டால் வாங்கியவர் அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. நல்ல விதிதான். இருந்தாலும் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று பயந்து வாயைத் திறக்காதவர்கள்தான் என்னிடம் அதிகம்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்கிறேன். டைலர்களுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் திரும்பி வராத பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். செகண்ட்ஸ் (குறையுள்ள) பீசுக்குப் பிடித்தம் உண்டு. மிஷின் வாங்கிய விலைக்கும் அவசரத்துக்கு விற்கிற விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எல்லாவற்றுக்கும் மேலே, பேங்கில் ஈடாக வைத்திருப்பது ஊரில் இருக்கிற காடு, அதாவது விவசாய நிலம். 2011-ல் சாயப்பட்டறைகள் மூடியபோது தையல் யூனிட்டுக்காரர் என்ன தப்பு செய்தார்? நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுச் சாயம் விட்டவர் இல்லை. துணி வரவில்லை, மிஷின் நின்றது, வட்டி மட்டும் ஓடியது. 2022 மே மாதம் 356 கிலோ பஞ்சுக் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டபோதும் கதை இதேதான். நூல் வாங்காதவரும் நூல் விலையால் விழுந்தார்.

இந்த வழி யாருக்குச் சரி? காட்டை ஈடு வைக்காமல் நடத்த முடிந்தவர்களுக்கு. ஒரே பார்ட்டியை நம்பாமல் ஏற்றுமதி ஜாப் ஒர்க்கில் பாதி, காதர்பேட்டை மொத்த மார்க்கெட்டின் உள்நாட்டு ஆர்டரில் பாதி என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கு. வீட்டில் ஒரு ஆளாவது பனியனுக்குச் சம்பந்தமில்லாத சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. பையனுக்கு அதில் ஆசையும் இருக்க வேண்டும். அப்பா சொன்னார் என்று உட்கார்ந்தவன் முதல் மோசமான வருடத்தில் எழுந்து போய்விடுவான், கடன் அப்பா பேரில் நிற்கும்.

## இரண்டாம் வழி: ஐடி, கம்பெனி வேலை

2010-ல் கோவை பீளமேட்டில் டைடல் பார்க் வந்த பிறகு இதற்காகச் சென்னை, பெங்களூர் போக வேண்டியதில்லை என்றானது. சரவணம்பட்டி பக்கம் போனால் தெரியும். திருப்பூரில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

இங்கே அடி வேலை போவதாகவும், சம்பளம் ஏறாமல் நிற்பதாகவும் வரும். பெரிய கம்பெனிகள் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கும் வருடச் சம்பளம் பத்து வருடத்துக்கு மேல் மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. வாடகையும் பாலும் அப்படி நிற்கவில்லை. கேம்பஸில் வேலைக்கான ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் சேரச் சொல்லாமல் வைத்திருந்ததையும் 2022, 2023-ல் பார்த்தோம். இப்போது தொடக்க நிலைக் கோடிங், டெஸ்டிங் வேலைகளில் ஏஐ கை வைக்கிறது. சேர்ந்து இரண்டு வருடம் ஒரே மாதிரி வேலை பார்த்துக்கொண்டே கற்கலாம் என்ற சௌகரியம் குறைந்துவிட்டது.

ஆனால் கடன் இல்லை. கற்றது கையோடு வரும். மாறத் தயங்காதவர்களுக்கு ஏற்றம் உண்டு. அந்தக் கனடா ஆய்வு சொல்வதும் இதைத்தான். மறைந்த செலவு என்று நான் பார்ப்பது வீட்டு லோன். இருபத்தாறு வயதில் இருபது வருட இஎம்ஐ போட்டுவிட்டால், வேறு கம்பெனிக்கு மாறும் தைரியம் போய்விடுகிறது.

பனியன் குடும்பத்துக்கு ஐடி நல்ல துணை. முழுத் துணை என்று மட்டும் நம்ப வேண்டாம். ஆர்டர் கொடுக்கிற ஊர் இரண்டுக்கும் ஒன்றுதான், அமெரிக்கா. 2008-ல் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. 2025 வரி சரக்கு மேல்தான் விழுந்தது, ஐடி சேவையைத் தொடவில்லை.

## மூன்றாம் வழி: கைவேலை

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. டூல் ரூம் (அச்சு, டை செய்கிற இடம்), சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மிஷின்) புரோகிராமிங், நிட்டிங் மிஷின் மெக்கானிக், எலக்ட்ரிகல், பேட்டர்ன் மாஸ்டர் (துணி வெட்டும் வடிவத்தை வரைபவர்). படிப்பு ஐடிஐ, டிப்ளமோ. செலவு குறைவு.

கோவைப் பகுதியின் வரலாற்றைப் பார்த்தால், காலங்கள் மாறும்போதெல்லாம் அதிகம் தாங்கியது இந்தக் கைதான். மில்லுக்கு உதிரிபாகம் கடைந்த பட்டறைகள் பம்ப் செட்டுக்கு மாறின. 1937-லேயே இங்கே மோட்டார் செய்துவிட்டார் ஜி.டி. நாயுடு. பிறகு வெட் கிரைண்டர், ஜவுளி மிஷின், வாகன உதிரிபாகம். இப்போது ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனை. கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். போர்டில் எழுதியிருக்கிற பொருள் பத்து வருடத்துக்கு ஒரு முறை மாறியிருக்கும். மைக்ரோமீட்டரைப் பிடித்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் படிக்கிற விரல் மாறியிருக்காது. என் அப்பாவோடு சைக்கிளில் போன மாமாவைக் காப்பாற்றியது அதுதான்.

அடி வருகிற வடிவமும் லேசானது. பெரும்பாலும் ஓவர்டைம் போகும், சில மாதம் வேலை போகும், கடன் நிற்காது. ஐம்பது வயதில் கூட "அனுபவம் இருக்கா?" என்று கேட்டு எடுக்கிற வேலைகளில் இது ஒன்று.

குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் நாலைந்து வருடம் சம்பளம் மிகக் குறைவு. கூடப் படித்தவன் ஐடியில் வாங்குவதைக் கேட்டால் மனசு சோரும். நாள் முழுக்க நின்று இடுப்பு போகும். என்ஜின் பாகம் மட்டுமே செய்கிற பட்டறையில் சேர்ந்தவன் மின்சார வண்டி வருவதைக் கவனிக்க வேண்டும். கற்றதோடு நின்றுவிட்டாலும் போச்சு. கையால் பேட்டர்ன் வரைந்த மாஸ்டர்களில் கம்ப்யூட்டருக்கு மாறாதவர்களை இன்று யாரும் கூப்பிடுவதில்லை. அப்புறம் கல்யாணப் பேச்சு. "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்றால் "பட்டறையில இருக்காரு" என்று சொல்ல வீட்டில் கூசுகிறார்கள். நல்ல கை உள்ள பையன்களை இந்தக் கூச்சமே வேறு வேலைக்குத் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்பா யூனிட்டை நாளைக்கு எடுத்து நடத்தப் போகிறவனுக்கும் இது நல்ல வழி. இரண்டு மூன்று வருடம் வேறு இடத்தில் மெக்கானிக்காகவோ, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகவோ இருந்துவிட்டு வந்தால், அடுத்தவர் சம்பளத்தில் கற்றுக்கொண்டு வருகிறான்.

## நாலாம் வழி: அரசு வேலை

2025 குரூப் 4 அறிவிப்பில் 3,935 இடங்கள். விண்ணப்பம் 13 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் நின்றார்கள்.

உள்ளே போய்விட்டால் அடி மெதுவாகத்தான் விழும்: அகவிலைப்படி நிறுத்தம், ஓய்வூதிய விதி மாற்றம். ஆனால் வெளியே காத்திருப்பவன் மேல் பலமாக விழுகிறது. அரசுக்குப் பணமுடை வந்தால் முதலில் ஆள் எடுப்பதைத்தான் நிறுத்துவார்கள். 2020-ல் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60. உள்ளே இருந்தவருக்கு இரண்டு வருடச் சம்பளம். வெளியே இருந்தவருக்கு இரண்டு வருடக் காத்திருப்பு. 22 வயதிலிருந்து 27 வரை வேறு எதுவும் செய்யாமல் படித்துவிட்டுக் கடைசியில் கிடைக்காதவர்களை எனக்குத் தெரியும். அந்த ஐந்து வருடத்தை எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் எழுத முடியாது. ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதட்டும், இரண்டு முறைக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் எல்லாரும் தொழிலில் இருந்து, ஒரு பிள்ளைக்குப் படிப்பில் நிதானம் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இது சரி.

"தோட்டம் இருக்கே" என்பவர்களுக்கு: தென்னையோ கோழிப்பண்ணையோ சாப்பாட்டுக்குத் தாங்கும், முழு வாழ்க்கைக்குப் போதாது. பண்ணை ஷெட்டுக்கு வாங்கும் லோனும் லோன்தான். நிலத்தை ஈடு வைக்காமல் விட்டிருப்பதே பெரிய உதவி.

## எந்த வீட்டுக்கு எது

அந்த மூன்று பேருக்கும் பதில் ஏன் மாறியது என்று இப்போது சொல்லிவிடலாம்.

முதல் வீட்டில் அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை, அப்பா சின்ன யூனிட், கடன் கிட்டத்தட்ட இல்லை. பையனுக்குத் துணியைத் தொட்டுப் பார்த்தே நூலின் கவுண்ட் (தடிமன் எண்) சொல்கிற ஆசை. யூனிட்டில் உட்காரட்டும் என்றேன். இரண்டாவது வீட்டில் அண்ணன் ஏற்கனவே ஐடி, அப்பா விசைத்தறி. கேட்டது மகளைப் பற்றி. மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்திருக்கிறாள். கோவையில் ஒரு டூல் ரூமில் சேரச் சொன்னேன்.

மூன்றாவதுதான் சிக்கல். அப்பாவுக்குப் பன்னிரண்டு மிஷின் யூனிட். மாமனார் வீட்டில் நிட்டிங். அம்மா பேரில் எட்டு லைன் வீடுகள். "எங்களுக்கு வாடகை தனி வருமானமுங்க, யூனிட் போனாலும் அது இருக்கு" என்றார். 2020 நோட்டை எடுத்துக் காட்டினேன். வாடகைப் பத்தியில் எட்டு வீட்டுக்கும் ஏப்ரல், மே, ஜூன் வெறும் கோடு. அந்த வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் டைலர்கள், ஹெல்பர்கள். ரயில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். யூனிட், மாமனார் வீடு, வாடகை என்று மூன்றாகத் தெரிந்தது முழுக்கப் பனியன் ஒன்றுதான். அதில் பையனையும் உட்கார வைத்து, புது மிஷினுக்குக் காட்டையும் ஈடு வைப்பதாக இருந்தார்.

அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கப்புறம் யூனிட்டை யாருங்க பாக்கறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. பையன் மெக்கானிக்கல் படித்தவன். மூன்று வருடம் வெளியே இருக்கட்டும், அதற்குள் யூனிட்டின் பழைய கடனை முடிப்போம், அப்புறம் அவனே சொல்லட்டும் என்றேன். இந்தச் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் பையனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு வருடத்துக் கணக்கை எடுத்து வைத்திருக்கிறேன்.